மேல்மடையைத் திறந்தது யார்

செல்லக்கனி அந்தக் கட்டளையை ஒரு படி உள்ளே இறங்கி நின்று தட்டியிருந்தால் நடுவப்பேரி ஊருக்கு எதுவும் நேர்ந்திருக்காது, குளமும் பழையபடி ஒரே குளமாகக் கிடந்திருக்கும், அவளும் சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டு எல்லோரையும்போல இருந்திருப்பாள். ஆனால் புது வேலை வந்த அவசரம், அடுப்பில் பருப்பு பொங்கிய அவசரம், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, மடிக்கணினியின் கறுப்புத் திரையில் தன் வேலை இருக்கும் ஃபோல்டருக்குள் நுழையாமலேயே ‘கிட் இனிட்’ என்று தட்டிவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். இங்கிருந்து கீழே உள்ளதையெல்லாம் இனிமேல் நினைவு வைத்துக்கொள் என்பது அந்தக் கட்டளைக்கு அர்த்தம். அந்தத் தொழிலில் இந்தத் தப்பைச் செய்யாத ஆள் கிடையாது. வெளியே நின்று தட்டிவிட்டு, கல்யாணப் போட்டோவெல்லாம் கணக்கில் சேர்ந்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். செல்லக்கனி நின்ற இடம் அதைவிடவும் கொஞ்சம் வெளியே இருந்திருக்கவேண்டும். பருப்பை இறக்கிவைத்துவிட்டு வந்து ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டபோது, இன்னும் சேர்க்கப்படாதவை என்று சொல்லி, வாசல் வேம்பு, ஆவுடையம்மாளின் சினையாடு, முப்பிடாதி அம்மன் கோயில் மணி, பெரிய குளம், கீழ்மடை, மேல்மடை, குளத்தங்கரையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த தம்பி பொன்னிருளன் என்று திரை சிவப்பு எழுத்தில் ஊரையே இறக்கிக்கொண்டு போனது.

அவள் ரொம்பத் திகைக்கவில்லை. தம்பியின் பெயர் சிவப்பில் கிடப்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு அவள் சோறூட்டி வளர்த்த பிள்ளை அவன்; அப்பா செய்த மடை திறக்கும் வேலை இப்போது அவன் கையில் இருந்தது. எவரையும் வெளியே விட மனசு வராமல், எல்லாவற்றையும் சேர்த்து, முதல் கமிட் என்று ஒரு வரி எழுதிப் பதித்துவிட்டாள். அன்றைக்கு ஊர் எப்படி இருந்ததோ அப்படியே அது நினைவில் நின்றது.

ஊருக்கு இது வேம்பால் தெரியவந்தது. கரண்டுக் கம்பிக்கு இடைஞ்சல் என்று ஆட்கள் வந்து வாசல் வேம்பை அடியோடு வெட்டிப் போட்டுவிட்டுப் போக, செல்லக்கனி கோபத்தோடு உள்ளே போய் அந்த வேம்பை மட்டும் பழையபடி கொண்டுவரச் சொல்லித் தட்டினாள். வெளியே வந்து பார்த்தால் மரம் நின்றது, காக்காக் கூடும் இருந்தது, கூட்டில் காக்கா எரிச்சலோடு உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டு ஆவுடையம்மாள் இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைப் பிளக்கவில்லை. “இப்படி ஒரு வசதி இருக்குன்னு போன மாசமே சொல்லக்கூடாதாட்டி, என் வெங்கலப் பானையக் கெணத்துல விட்டனே” என்று குறைப்பட்டுக்கொண்டாள். அந்த ஊர் அப்படித்தான். சாமி வந்து நேரில் நின்றாலும், வந்ததுதான் வந்தீரு கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக்கூடாதா என்று கேட்கிற ஊர்.

கொஞ்ச நாளில் அது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. பொழுது சாய்ந்தால் அன்றைய நாளைப் பதிக்கவேண்டும், பதிப்பதற்கு ஒரு வரி எழுதவேண்டும், அந்த வரி என்ன என்பதை டீக்கடையில் வைத்துத்தான் ஊர் முடிவு செய்தது. கோயில் மாடு ஈன்றதை எழுதலாமா, மேலத்தெருவில் நடந்த அடிதடியை எழுதலாமா என்று விவாதம் நடக்கும். அந்த வரியில் வந்துவிடவேண்டும் என்று சிலர் நாளெல்லாம் நல்லது செய்தார்கள், வந்துவிடக்கூடாது என்று சிலர் வீட்டைவிட்டே வெளியே வரவில்லை. எந்தக் காரியத்துக்கும் எந்த ஆள் கை வைத்தது என்று காட்ட ‘பிளேம்’ என்றொரு கட்டளை இருப்பது தெரிந்ததும் ஊரில் புறணி பேசுவது பாதியாகக் குறைந்தது.

ஒருமுறை மட்டும் அது பொய்த்தது. மேலத்தெரு வெள்ளைப்பாண்டி, பத்து வீட்டுக்குப் பேச்சாளாக நிற்கிற, வயல்வரப்புள்ள பெரிய சம்சாரி, தெரு முக்கில் ஒரு கிணறு இருப்பதாக எழுதித்தரச் சொன்னார். அவளும் விளையாட்டுப்போல எழுதிப் பதித்தாள். காலையில் கிணறு இருந்தது, தண்ணீரும் இருந்தது. மத்தியானம் தண்ணீர் வற்றியது, மறுநாள் விடிந்தபோது தரை தரையாகக் கிடந்தது. டீக்கடையில் எல்லோரும் குழம்பிக்கொண்டிருக்க, வெள்ளைப்பாண்டியே தீர்ப்பும் சொன்னார். “கெணறு இருக்குன்னு எழுதுனா. எவன் தோண்டுனான்னு எழுதலையே. ஆள் கை படாதது எப்படிடே நிக்கும்?” அது சரிதான் என்று ஊர் ஒத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எவரும் இல்லாததைக் கேட்கவில்லை.

அப்புறம்தான் அந்த வருஷம் வந்தது. மழை ஏமாற்றிவிட்டது, பெரிய குளம் பாதிகூட நிறையவில்லை. இருக்கிற தண்ணீர் ஒரு பக்கத்து வயலுக்குத்தான் காணும், கீழ்மடையைத் திறந்தால் கிழக்கே நெல், மேல்மடையைத் திறந்தால் மேற்கே நெல், இரண்டையும் திறந்தால் இரண்டு பக்கமும் மணி பிடிக்காத சாவிக்கதிர். கூட்டம் போட்டார்கள், கூட்டத்தில் நாற்காலி உடைந்தது. மண்வெட்டியோடு ஆட்கள் குளத்தங்கரையில் காவல் படுத்தார்கள். வெட்டுக்குத்தில் போய் முடியும் என்ற பயத்தில்தான் செல்லக்கனி அந்த யோசனையைச் சொன்னாள். கம்பெனியில் இரண்டு பேருக்கு இரண்டு யோசனை இருந்தால் ஒரே இடத்திலிருந்து இரண்டு கிளை பிரித்து, ஒன்றில் இதையும் மற்றதில் அதையும் செய்துபார்ப்பார்கள், ஒன்றுக்கு ஒன்று இடிக்காது, முடிந்ததும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார்கள். அப்படியே ஊரையும் இரண்டாகப் பிரிப்போம் என்றாள். ஒருநாள் கிழக்கு ஊர், மறுநாள் மேற்கு ஊர், விடியும்போது நான் மாற்றிவிடுகிறேன்.

“நீ கெழக்கத் தெருக்காரி. ஒம் பக்கமே வச்சிக்கிட்டா?” என்று வெள்ளைப்பாண்டி கேட்டார்.

செல்லக்கனி முப்பிடாதி அம்மன் வாசலில் எரிந்துகொண்டிருந்த சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, நாள் தவறாமல் மாற்றுவேன் என்று சத்தியம் செய்தாள். சூடம் அணைத்த சத்தியத்தை மீறியவர்கள் வீட்டில் விளக்கெரியாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கையில் கொப்புளம் வந்தது. தம்பி வெண்ணெய் தடவிவிட்டான்.

கிழக்கு ஊர் முதலில் நடந்தது. கீழ்மடைக்கு இரும்புத் திருகு இருந்தது. பொன்னிருளன் கரையில் நின்று திருகினான், தண்ணீர் போனது, வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தான். மறுநாள் விடியலில் அவள் பிரிந்த இடத்துக்குத் திரும்பி மேற்குக் கிளையைப் பிரித்தாள். மேல்மடைக்குத் திருகு எப்போதோ உடைந்துபோயிற்று, அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், போவார்கள். ஆள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மடைக்குழிக்குள் இறங்கி அடைப்புக் கல்லை அசைத்து எடுக்கவேண்டும். அவன் அதை எத்தனையோ முறை செய்தவன். ஒவ்வொரு முறையும் அவன் ஏறி வரும்போது அக்கா கரையில் துண்டோடு நின்று, “தலையக் காட்டுல, சளி புடிக்கும்” என்று துவட்டிவிடுவாள். அன்றைக்கும் துண்டோடு நின்றாள். கல் அசைந்தது, மடையில் தண்ணீர் சீறியது, மேலத்தெருக்காரர்கள் குலவையிட்டார்கள், பொன்னிருளன் ஏறி வரவில்லை. கல் நகர்ந்த வேகத்தில் தண்ணீர் அவனையும் மடைவாய்க்குள் இழுத்துச் செருகிவிட்டிருந்தது.

அவள் ஈரத் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி அந்த நாளைத் திருப்பப் போனாள். வெள்ளைப்பாண்டி வாசலில் கையை விரித்து மறித்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது, அதை மறுக்கக்கூடாது. “அவன் செத்ததும் மடை தெறந்ததும் ஒரே காரியம், தாயி. ஒண்ணத் திருப்புனா ரெண்டும் போயிரும். வெதச்சாச்சு. வெத நெல்லு அம்புட்டும் மண்ணுல கெடக்கு.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நாளைக்கு விடிஞ்சா உன் தம்பி கெழக்கு ஊர்ல இருப்பான்லா” என்றார். அதுவும் உண்மைதான். மறுநாள் விடிந்து அவள் கிழக்குக்கு மாற்றியபோது, பொன்னிருளன் பாயில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு மறுநாள் அவனை அனுப்பவேண்டியிருந்தது. அன்று தொட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் விடியலில் செல்லக்கனிக்கு முதல் வேலை தம்பியைச் சாகடிப்பதுதான். ஊரை மாற்ற ‘கிட் செக்அவுட் மேற்கு’ என்று தட்டவேண்டும். தட்டினால் பாய் சுருட்டப்பட்டுச் சுவரோரம் நிற்கும், ஆணியில் மாலை போட்ட படம் தொங்கும், குளத்தங்கரையில் மேலத்தெருக்காரர்கள் அவனுக்கு நட்ட கல்லில் யாரோ ஒருத்தி செம்பருத்திப் பூ வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் தட்டாவிட்டால் மேற்கே நெல் ஒருநாள் பின்தங்கும். அதனால் விடியுமுன்னே வெள்ளைப்பாண்டி வேப்பமரத்தடியில் வந்து நிற்பார்; கூப்பிடமாட்டார், இருமக்கூட மாட்டார், சும்மா நிற்பார். அவள் சூடம் அணைத்த கையால் தட்டுவாள்.

ஊர் பழகிக்கொண்டது. எது வந்தாலும் பழகிக்கொள்வதில் நடுவப்பேரியை மிஞ்ச ஆளில்லை. வழியில் பார்த்தால் “சௌரியமா?” என்று கேட்பது போய், “இன்னைக்கு எந்த ஊரு?” என்று கேட்பது வந்தது. கிழக்கு ஊரில் சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மேற்கு ஊரில் சேர்ந்து கோயிலுக்குப் போனார்கள். ஆவுடையம்மாளின் ஆடு ஓர் ஊரில் இரண்டு குட்டியும் மற்ற ஊரில் மூன்றும் போட்டது. அவள் மூன்றாவது குட்டியை நினைத்துக் கிழக்கு நாளெல்லாம் புலம்பினாள். இரண்டு ஊரும் எல்லோருக்கும் நினைவிருந்தது. பொன்னிருளனுக்குத்தான் ஒன்று மட்டும் நினைவிருந்தது.

“எக்கா, என் நாளெல்லாம் குதிச்சு குதிச்சுப் போவுது” என்றான் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டு. “டீக்கடையில எல்லாரும் என்னப் பாத்தா எந்திரிச்சு நிக்கானுவ. மேலத்தெரு சுப்பக்கா என் கையப் புடிச்சுக் கும்பிடுதா. நான் அங்க என்ன ஆனேன்?”

“ஊருக்குப் போயிருக்க” என்றாள் அவள்.

“எந்த ஊருக்கு?”

அவள் குழம்பை ஊற்றினாள். அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை, ஆனால் கிழக்கு நாள் சாயங்காலங்களில் அவன் அவளுக்கு வேண்டிய விறகு, தண்ணீர் எல்லாவற்றையும் இரண்டு நாளைக்குச் சேர்த்து எடுத்துவைக்க ஆரம்பித்தான். அதைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு பக்கமும் நெல் பால் பிடித்த நேரத்தில் கோயில் கொடைத் திருவிழா நெருங்கியது. கொடைப் பந்தலுக்குக் கால்நாட்டு அன்று அம்மனுக்கு ஆடுகிற சுடலைக்கண்ணுக்கு அருள் வந்தது, வந்த அம்மன் ஆடாமல் நொண்டினாள். “ஒரு கால் அந்த ஊர்ல, ஒரு கால் இந்த ஊர்ல வச்சிக்கிட்டு எத்தன நாளுடா நிப்பேன்? இடுப்பு நோவுது. கொடைக்கு ஊர ஒண்ணாக்கு. இல்லன்னா நான் வரல” என்று சொல்லி மஞ்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மலையேறிவிட்டாள்.

ஒன்றாக்குவதில் எல்லோருக்கும் சந்தோஷம். கிழக்கு ஊரில் கிழக்கு வயல் பச்சை, மேற்கு ஊரில் மேற்கு வயல் பச்சை. இரண்டையும் மெர்ஜ் செய்து சேர்த்தால் ஒரு பக்கத்துத் தண்ணீரில் இரண்டு பக்கமும் நெல். ஆவுடையம்மாள்கூட மூன்று குட்டியும் தனக்கே வரும் என்று கணக்குப் போட்டாள். செல்லக்கனி மட்டும் அந்தச் சந்தோஷத்தில் சேரவில்லை, ஏனென்றால் மெர்ஜ் என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் அது தானாகச் சேர்த்துக்கொள்ளும், கேள்வி கேட்காது. ஒரே வரி இரண்டு பக்கமும் இரண்டு விதமாக மாறியிருந்தால் நின்றுவிடும். நின்று, ஆளைக் கேட்கும்.

கொடைக்கு முந்தின நாள் உச்சிவேளையில், ஊரே அவள் வீட்டு முற்றத்தில் கூடியிருக்க, அவள் கிழக்கு ஊரில் இருந்தபடி ‘கிட் மெர்ஜ் மேற்கு’ என்று தட்டினாள். வயல் சேர்ந்தது, வாய்க்கால் சேர்ந்தது, ஆட்டுக்குட்டிகள் சேர்ந்தன, சண்டை போட்ட புருஷனும் பெண்டாட்டியும் பாதிக் கோபத்தோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். முற்றத்துச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தவர்கள் கிழக்கும் மேற்கும் பச்சையாகக் கிடப்பதைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்போது திரை நின்றது. மோதல், ஓர் இடத்தில், சரிசெய்துவிட்டுப் பதிக்கவும் என்று சொன்னது. அந்த இடத்தைத் திறந்தாள். அம்புக்குறிகளுக்கு நடுவே இரண்டு வரி இருந்தது. பொன்னிருளன் கீழ்மடையைத் திறந்தான், வீட்டுக்கு வந்தான் என்பது மேலே. பொன்னிருளன் மேல்மடையைத் திறந்தான், ஏறி வரவில்லை என்பது கீழே.

வீட்டுக்குள்ளே ஆணியில் மாலை போட்ட படம் தொங்கியது, படத்துக்கு அடியில் பொன்னிருளன் நின்றான். அவன் வேட்டி ஒரு பக்கம் காய்ந்தும் ஒரு பக்கம் சொட்டிக்கொண்டும் இருந்தது. அவன் முதல்முறையாகத் தன் படத்தைப் பார்த்தான்.

“மாலையாவது நல்லதாப் போட்டிருக்கலாம்” என்றான்.

வெள்ளைப்பாண்டி முன்னே வந்தார். அவர் கெட்டவர் இல்லை. பத்து வீட்டு வயிற்றைத் தன் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிகிறவர். “தாயி, மேல உள்ள வரிய வச்சா மேல்மடைய யாரும் தெறக்கலன்னு ஆயிரும். ஆள் கை படாதது நிக்காது. கெணறு போன மாதிரி நாளைக்கு எங்க வயலும் போயிரும். கீழ உள்ளத வச்சிரு. நாங்க அவன மறக்கல. கொடையில மொத மரியாத அவன் கல்லுக்குத்தான். வருசா வருசம் படப்புச் சோறு போடுதோம்.”

மேலத்தெருப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிழக்கத் தெருக்காரர்களைச் செல்லக்கனி பார்த்தாள். அவர்கள் வயல் எப்படியும் நிற்கும், அதனால் அவர்கள் தரையைப் பார்த்தார்கள். “ஊருக்காக ஒரு உசுரு போறது புண்ணியம்னு சொல்லுவாங்க” என்றார் கூட்டத்தில் ஒருவர், யார் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் தலையை இழுத்துக்கொண்டார். ஆவுடையம்மாள் மட்டும் தன் மூன்று குட்டியையும் அணைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள்.

செல்லக்கனிக்கு ஆத்திரம் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் அவனை அனுப்பியவள் அவள்தான். அந்தப் பாவம் அவளுக்கும் உண்டு. ஆனால் அவளுக்குத் தெரிந்த ஒன்று இவர்கள் ஒருவருக்கும் தெரியாது. திரை இரண்டு வரியைக் காட்டிக் கேட்பதால் இரண்டில் ஒன்றைத்தான் வைக்கவேண்டும் என்று எல்லோரும் நினைப்பார்கள், வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். அப்படி ஒரு சட்டமும் இல்லை. வேண்டியதை வைத்து, வேண்டாததை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதிதாக ஒன்றை எழுதலாம், எழுதியவர் பேர் மட்டும் அதில் கடைசிவரைக்கும் நிற்கும்.

“மேல உள்ளது அப்படியே இருக்கட்டும். பொன்னிருளன் கீழ்மடையத் தெறந்தான், வீட்டுக்கு வந்தான்” என்றாள் அவள். “மேல்மடையத் தெறந்தது வேற ஆளுன்னு அடியில எழுதுதேன். ஒரு பேரு போதும். யாரு பேர எழுதட்டும்? சொல்லுங்க.”

ஊருக்காக ஓர் உயிர் போவது புண்ணியம் என்று சொன்னவரைக் காணோம். நீச்சல் தெரியாது என்றான் ஒருவன், சின்ன வயதில் அந்தக் குளத்தில்தான் அவன் மீனோடு மீனாகக் கிடந்தான். இன்னொருவனுக்கு ஆஸ்துமா. இன்னொருவனுக்குப் பேத்தி சடங்கு. வெள்ளைப்பாண்டி வாயைத் திறந்தார், அவருடைய மனைவி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அவர் வாயை மூடிக்கொண்டார்.

“என் பேரையே எழுதுக்கா” என்றான் பொன்னிருளன் படத்துக்கு அடியிலிருந்து. “எனக்கு அது பழகுன குழிதான்.”

“நீ வாய மூடு” என்றாள் செல்லக்கனி. அப்படி ஒரு குரலில் அவள் அவனைப் பேசியதே இல்லை. பிறகு திரும்பி, அம்புக்குறிகளை அழித்தாள், கீழ் வரியை அழித்தாள், அந்த இடத்தில் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, மேல்மடையை நடுவப்பேரி திறந்தது என்று எழுதினாள்.

வெள்ளைப்பாண்டி படியேறி வந்து குனிந்து வாசித்தார். வாசிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நடுவப்பேரின்னா யாரு?”

“நீங்க, மாமா. அத்த. சுடலைக்கண்ணு அண்ணாச்சி. ஆவுடையக்கா. நான். இங்க நிக்க அம்புட்டுப் பேரும்.”

“அந்தக் குழி ஒருத்தன முழுங்குன குழிட்டி. அம்புட்டுப் பேரையும் முழுங்கிட்டா?”

“முழுங்கலாம். எனக்குத் தெரியல.”

“எங்களக் கேக்காம எழுதுவியா?”

“இவனக் கேட்டா எழுதச் சொன்னீங்க?”

பின்னாலிருந்து யாரோ மெஷினைப் பிடுங்கு என்று கத்தினார்கள், இரண்டு பேர் படியேறினார்கள், ஒருவன் சுவரில் செருகியிருந்த வயரைப் பிடுங்கி எறிந்தான், திரை அணையவில்லை. பொன்னிருளன் வாசல்நிலையில் குறுக்கே நின்றான். அவனைத் தொட அவர்களுக்குக் கை வரவில்லை, பாதி செத்த ஆளை எப்படித் தள்ளுவது. அந்த நேரம் செல்லக்கனிக்குப் போதும். சேர்த்தாள். கமிட் என்று தட்டினாள். வழக்கம்போல அது ஒரு வரி கேட்டது. டீக்கடையைக் கேட்காமல் அவள் எழுதிய ஒரே வரி அதுதான்: கொடைக் கறி பங்கு வைப்பதுபோல எல்லா வீட்டுக்கும் பங்கு வைத்தது. கொப்புளம் ஆறிய கையால் என்டரை அழுத்தினாள். பயந்துகொண்டேதான் அழுத்தினாள்.

உடனே தண்ணீர் வந்தது. எங்கிருந்தும் வரவில்லை, எல்லோரும் அதற்குள் இருந்தார்கள். உச்சிவேளை கறுத்தது, காது அடைத்தது, கால் சேற்றில் புதைந்தது, முன்னே ஒரு கல், அதில் பாசி, கல்லின்மேல் ஊரின் கைகள் எல்லாம், கிழக்கத் தெருக் கையும் மேலத்தெருக் கையும் வளையல் போட்ட கையும் காப்புக் காய்த்த கையும் ஒன்றின்மேல் ஒன்றாக. மூச்சு முட்டியது. இழுத்தார்கள். கல் அசைந்தது, மடைவாய் திறந்தது, தண்ணீர் ஓர் ஆளைத் தேடியது, தேடித் தேடி எல்லோருடைய காலையும் கொஞ்சம் கொஞ்சம் இழுத்துப் பார்த்தது, ஒருவரையும் முழுசாகப் பிடுங்க அதற்குக் கூடவில்லை. எல்லோரிடமிருந்தும் ஒரு வாய் மூச்சை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டது.

முற்றத்தில் வெயில் அடித்தது. ஊரே தரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது, குளத்துத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. வெள்ளைப்பாண்டியின் மீசையில் பாசி தொங்கியது. அவர் மனைவிக்கு ஒரு நகம் பெயர்ந்திருந்தது. சுடலைக்கண்ணு எழுந்து கோயிலுக்கு ஓடி நடையைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, அம்மனுடைய பட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது என்று சொன்னார். அப்புறம்தான் கூட்டத்தில் ஒருத்தி குலவையிட்டாள், பாதியிலேயே மூச்சு வாங்கி நிறுத்திக்கொண்டாள். சுவருக்கு அப்பால் கிழக்கும் மேற்கும் பச்சையாக நின்றன.

அந்த மூச்சு பிறகு திரும்பி வரவேயில்லை. நடுவப்பேரிக்காரர்கள் இன்றைக்கும் நிறையச் சிரித்தால் இரைப்பார்கள்; பெண்களுக்குக் குலவை முழுசாக வருவதில்லை; மழை நாளில் எல்லோருக்கும் காதுக்குள் தண்ணீர் ஆடும். சிலர் செல்லக்கனியை மன்னிக்கவில்லை. மேல்மடை வரியை யார் எழுதியது என்று பிளேம் கேட்டால் அவள் பேர்தான் வரும். அதைக் காட்டச் சொல்லி வெள்ளைப்பாண்டி அன்று சாயங்காலமே வந்து நின்றார், பார்த்தார், தலையை ஆட்டினார், நாளைக்குக் கொடைக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டு இரைத்துக்கொண்டே போனார்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்த உச்சிவேளையில், செல்லக்கனி கண்ணைத் திறந்ததும் சுவரைத்தான் பார்த்தாள். படம் இல்லை, மாலை இல்லை, ஆணி மட்டும் இருந்தது. ஆணிக்கு அடியிலும் வாசல்நிலையிலும் அவனைக் காணோம். எழுந்திருக்க முடியவில்லை, கூப்பிடக் குரல் வரவில்லை, கூந்தலிலிருந்து குளம் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. அப்போது கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு அடுப்படிப் பக்கமிருந்து பொன்னிருளன் வந்தான். வேட்டி இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது. அந்த ஊரிலேயே தலை நனையாத ஆள் அவன் ஒருவன்தான்.

அவன் அவள் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து துண்டை விரித்தான்.

“தலையக் காட்டுக்கா” என்றான். “சளி புடிக்கும்.”